சிறுகோளுக்கு அண்ணன் பெயர்

அக்கராயனில் மத்தியான வெயில் தகரக் கூரையைக் காய்ச்சுகிறது. கணித ஆசிரியை சுதாஜினி கதிரையில் அமர்ந்து மடிக்கணினியை முறைக்கிறாள். தொலைநோக்கிப் படங்களைப் பல மாதம் துழாவி அவள் கண்டுபிடித்த சிறுகோளுக்கு, பெயரிடும் சர்வதேசக் குழுவிடம் பெயர் முன்மொழிய வேண்டும். பெயர் பதினாறு எழுத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. யுத்தத்தில் காணாமல் போன அண்ணன் கிருசாந்தனின் பெயர் அதற்குள் அடங்கிவிட்டது. பெயரோடு அனுப்ப வேண்டிய, அவன் யார் என்று சொல்லும் வரிதான் ஐந்தாம் தடவையாக அழிகிறது. மீண்டும் ஆங்கிலத்தில் எழுதியதைத் தாய்க்குத் தமிழில் சொல்கிறாள்: “வானம் பார்ப்பதில் ஆர்வமாக இருந்தார்.” முற்றத்து நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த இராசேஸ்வரி நின்றுவிடுகிறாள்.

“இருந்தாரோ? இருக்கிறார் எண்டு போடு.”

“அம்மா, அண்ணா எங்க இருக்கிறார் எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?”

“அப்ப செத்துப்போனான் எண்டு நீயே எழுதி அனுப்பு!”

சுதாஜினி தலையில் கைவைக்கிறாள். காகமொன்று நெல்லில் இறங்கிக் கொத்துகிறது, இருவருமே விரட்டவில்லை. அவள் வரி முழுவதையும் அழிக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு புதிதாகத் தட்டி, உரக்க வாசிக்கிறாள்: “கிருசாந்தன். பிறப்பு 1989. கண்டுபிடித்தவரின் அண்ணன்.”

இராசேஸ்வரி ஒவ்வொரு சொல்லாக யோசிக்கிறாள்.

“ஓம்,” என்கிறாள். “இதில ஒரு பிழையும் இல்லை.”