சத்தம் வராத ஃபில்டர்

வளர்ப்பு மீன் கடையின் நீல வெளிச்சம், கணவனோடு வந்திருக்கும் மனைவியின் கைகளில் அலைகிறது. கடைக்காரர் மீன்தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இரண்டு கேனிஸ்டர் ஃபில்டர்களின் குழாய்களை வாளித் தண்ணீரில் விட்டு ஓட்டிக் காட்டுகிறார். "இது விலை கம்மி, ஆனா கொஞ்சம் இரையும். அதுல சத்தமே வராது, விலைதான் கூட." அவள் கணவனைக் காட்டிச் சிரிக்கிறாள். "சத்தம் வராததையே குடுங்கண்ணே. இவருக்குத் தூக்கம் கலைஞ்சுடும். கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க." அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஊருக்குப் போயிருந்தபோது இரைச்சல் பொறுக்காமல் பழைய ஃபில்டரை நிறுத்தியவன் அவன்தான். திரும்பப் போட மறந்துவிட்டான். ஒரு மீனைத் தவிர எல்லாம் செத்து மிதந்தன. அவள் வந்ததும் மோட்டார் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டான். "பழசுக்கு என்ன ஆச்சு?" என்கிறார் கடைக்காரர். "தானா நின்னுடுச்சுண்ணே. பாவம், இவர்தான் ஒவ்வொண்ணா எடுத்துப் புதைச்சார்." அவன் வாளியையே பார்க்கிறான். "அது கெடல. நான்தான் நிறுத்தினேன்." குழாயைத் தடவிக்கொண்டிருந்த அவள் விரல்கள் நிற்கின்றன. கடைக்காரர் ஓடிக்கொண்டிருந்த இரண்டையும் மெதுவாக அணைக்கிறார். "அப்ப பழசே ஓடும்," என்று அவள் கடைக்காரரிடம்தான் சொல்கிறாள். "உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டோம்ணே." புது ஃபில்டரின் காலிப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, கணவனுக்காக நிற்காமல் படியிறங்குகிறாள்.