வில்ஃபின் பூட்ஸ்

எர்னி அந்த அம்மாளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது பதினோரு பவுண்டு ஐந்து ஷில்லிங். கடன்பட்டு முப்பது வருஷம் ஆகிவிட்டது. ஷில்லிங் என்கிற காசே இங்கிலாந்தில் செத்துப்போய்விட்டது. கணக்குப் பார்த்து, புதுக் காசாக உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, பார்ன்ஸ்லி ஊரில் ரயிலிறங்கி, அவள் வீட்டுக் கதவைத் தட்டினான்.

திறந்தவள் டோரீன், செத்துப்போன வில்ஃபின் மனைவி. எர்னியையும் அவன் கக்கத்தில் இருந்த பொட்டலத்தையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"மலாயாவா?"

"ஆமாங்க. எர்னி. வில்ஃபும் நானும் ஒரே கூடாரம்."

"நனைஞ்ச பூனை மாதிரி நிக்காதீங்க. காலைத் துடைச்சுட்டு உள்ள வாங்க."

சமையலறையில் டீ ஊற்றினாள். "சக்கரை எத்தனை?"

"மூணு."

"பட்டாளத்துக்காரங்க எல்லாம் மூணுதான். பல்லு ஏதாவது மிச்சம் இருக்கா?"

எர்னிக்குச் சிரிப்பு வரவில்லை. பொட்டலத்தைப் பிரித்தான். ஒரு ஜோடி பூட்ஸ், முகம் தெரிகிற பளபளப்பில்.

"வில்ஃபோடது. ஏலத்துல எடுத்தேன். ஒரு நாள்கூடக் காலில போடலைங்க."

அவர்களுடையது குதிரைப்படை. தொப்பியில்தான் குதிரை, ஓட்டியதெல்லாம் கவச வண்டி. ஆனாலும் குதிரை இருந்த காலத்து வழக்கம் விட்டுப்போகவில்லை. ஒருத்தன் செத்தால் அன்று மாலையே அவன் சாமான்களைக் கட்டிலில் பரப்பி ஏலம் விடுவார்கள். அரைக் காசு பெறாத சீப்புக்கும் ஆளாளுக்கு விலையை ஏற்றுவார்கள். சேர்ந்த பணம் பெண்டாட்டிக்குப் போகும்.

அன்று பூட்ஸுக்கு யாரையும் விடாமல் எர்னிதான் ஏற்றினான். சம்பள நாளுக்குள் மலேரியா வந்துவிட, அவனை ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். பணம் போகவில்லை.

உறையை மேஜைமேல் வைத்தான். நிமிர்ந்தபோது கணப்புக்கு மேலிருந்த பலகை கண்ணில் பட்டது. வில்ஃபின் சவரக் கத்தி, பித்தளைக் கொக்கி வைத்த பெல்ட், மவுத் ஆர்கன். எல்லாம் அன்றைக்கு வேறு வேறு கைக்குப் போனவை. பட்டாளத்தில் பிறகு அவர்களிடமிருந்து திரும்ப வாங்கி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். கேட்கிற நிலையில் அவன் இல்லை.

"காசு கொடுக்க மட்டும் வரலைங்க."

"தெரியுது. டீ ஆறுது, குடிங்க."

"நீங்க என்னை என்ன வேணா திட்டலாம். தெரிஞ்சுட்டுத் திட்டுங்க."

அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு முன் வண்டியை ஓட்ட வேண்டியது நான். ராத்திரி குடிச்சது காலையில தலையைத் தூக்க விடலை. வயித்துவலின்னு பொய் சொல்லிப் படுத்துட்டேன். வில்ஃப் ஏறினான்."

"ம்."

"ரப்பர்த் தோட்டத்து வளைவுல கொரில்லாக்காரங்க மறைஞ்சிருந்து சுட்டாங்க. சத்தம் முகாம் வரைக்கும் கேட்டுச்சு. படுத்துக்கிட்டே கேட்டேன்." எர்னி கோப்பையைத் தள்ளி வைத்தான். "நான் போயிருந்தா அவன் இப்ப இந்த நாற்காலியில இருப்பான். கல்யாணம் பண்ணலை. ஒரு வேலையில நிலைக்கலை. கண்ணை மூடினா அந்த வண்டியில ஏறிட்டிருக்கேன். நான்தான் அவனைக் கொன்னேன். சொல்லிட்டேன். இனி உங்க இஷ்டம்."

ஐம்பத்திரண்டு வயது ஆள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான்.

டோரீன் அழவில்லை. கோபமும் படவில்லை. ரொம்பக் களைத்தவள்போல அவனையே பார்த்தாள். பிறகு பலகையில் இருந்த சாமான்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, உறையை எடுத்து அவன் சட்டைப் பையிலேயே திணித்தாள்.

"அன்னிக்கு அந்த வண்டியை ஓட்டுறது தன்னோட முறைன்னு இங்க வந்து அழுத நாலாவது ஆள் நீங்க."