டபுள் டிராகன் சமையல்காரர்

பெங்களூர் ஓரத்துப் பொம்மசந்திராவில் இருபது ரூபாய்க்கு வயிறு நிறைய மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் 'டபுள் டிராகன்'தான். ஃபிரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன், ஒரு கிண்ணம் சூப். போர்டு எழுதிய பெயின்டர் அதுவரை கோயில் வேலை மட்டுமே பார்த்தவர். அதனால் டிராகன் இரண்டுக்கும் ஆதிசேஷன் சாயல்.

முதலாளி சுந்தரம் நகருக்குள் இருக்கும் மர்பி டவுன் தமிழர். கல்லாவில் அவர், சமையலறையில் மிஸ்டர் லீ. லீயை யாரும் பார்த்ததில்லை. "சைனாக்காரர் பாருங்க, ரொம்பக் கூச்சம்" என்பார் சுந்தரம். ஃபேக்டரி ஆட்களும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களும் மஞ்சூரியனில் கிடக்கும் கறிவேப்பிலையை ஒதுக்கிவிட்டு, "என்ன இருந்தாலும் சைனாக்காரன் கைப்பக்குவமே தனி" என்று ஏப்பம் விடுவார்கள்.

எல்லாம், சாமிநாதன் என்பவர் எதிர்ப்பக்கத்திலேயே ஒரு சைனீஸ் ஓட்டல் திறக்கும் வரைதான். அவர் டார்ஜிலிங்கிலிருந்து ஒருவரை வரவழைத்து, கண்ணாடிக்குப் பின்னால் எல்லோரும் பார்க்கும்படி வாணலியோடு நிறுத்திவிட்டார். டார்ஜிலிங் எந்த நாட்டில் இருக்கிறது என்று யார் கேட்கிறார்கள்?

"அங்கே கண்ணாலேயே பார்க்கலாம். இங்கே லீயும் கிடையாது, கீயும் கிடையாது" என்று பேச்சு கிளம்பியது. ஒரே மாதத்தில் சுந்தரத்தின் பாதி மேஜைகள் காலி. இப்படியே போனால் தீபாவளிக்குள் கடையை மூட வேண்டியதுதான் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

பட்ட காலிலேதானே படும்? ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணிக்கு, கன்னடக்கார சப்-இன்ஸ்பெக்டர் சேஷகிரி கான்ஸ்டபிளோடு உள்ளே நுழைந்தார். கையில் ஒரு மொட்டைக் கடுதாசி.

"யாருரீ ஓனர்? பாஸ்போர்ட் இல்லாத சைனாக்காரன் ஒருத்தனை கிச்சன்ல ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு கம்ப்ளெயின்ட் பந்திதே."

சாப்பிட்டுக்கொண்டிருந்த பத்துப் பேரும் ஸ்பூனை நிறுத்தினார்கள். எல்லோருடைய பார்வையும் எதிர்க்கடைப் பக்கம் போயிற்று.

"சாமிநாதன் வேலைதான் இது. போட்டி இருக்க வேண்டியதுதான், அதுக்காக இவ்வளவு கேவலமாவா?" என்று பொருமினான் தினசரி வாடிக்கைக்காரன் ரகுராம்.

சுந்தரம் ஓடிப்போய்ச் சமையலறைக் கதவை மறித்துக்கொண்டார். "எங்க வேணும்னாலும் தேடுங்க சார், உள்ளே மட்டும் வேணாம் சார்."

"சும்னிரி, சும்மா இருங்க!" என்று அதட்டி, அவரை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு உள்ளே போனார் சேஷகிரி.

உள்ளே புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சுந்தரத்தின் மனைவி மரகதம் வாணலியைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். வேறு ஒரு ஈ காக்கை இல்லை.

"சைனாக்காரன் எங்கம்மா?"

"நான்தான் சார்" என்றாள் மரகதம்.

சுந்தரம் பின்னாலேயே ஓடிவந்து கதவைச் சாத்தினார். காலில் விழாத குறை. "என்ன கேஸ் வேணும்னாலும் போடுங்க சார், ஜெயிலுக்கு வேணும்னாலும் போறேன். இவதான் லீன்னு வெளியே மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம் ஒருத்தன் இங்க சாப்பிட வர மாட்டான்."

பதினைந்து வருட சர்வீஸில், ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லிக் கெஞ்சுகிற ஆளைச் சேஷகிரி பார்த்ததில்லை. போதாததற்கு வாசனை வேறு மூக்கைத் துளைத்தது. மரகதம் சமயமறிந்து ஒரு தட்டை நீட்டினாள். தட்டு காலியானபோது சட்டமும் கொஞ்சம் இளகியிருந்தது.

சேஷகிரி வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "பேப்பர் எல்லாம் கரெக்டா இருக்குரீ. மிஸ்டர் லீ நல்ல மனுஷன். யாரும் அவருக்குத் தொந்தரவு கொடுக்காதீங்க."

அரசாங்கமே சொல்லிவிட்ட பிறகு சந்தேகம் ஏது? மறுநாள் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. டார்ஜிலிங்காரர் கண்ணாடிக்குப் பின்னால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். "போலீஸே செக் பண்ணின ஒரிஜினல் சைனாக்காரன்ப்பா" என்று ரகுராம் புது ஆட்களுக்கு எடுத்துச் சொன்னான்.

சாயந்திரம் நாலு மணிக்குக் கடைசித் தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மரகதம் காலை நீட்டி உட்கார்ந்தாள். புகழ் லீக்கு, புகை தனக்கு என்ற ஆத்திரம் அவளுக்கு எப்போதும் உண்டு. இன்று அது வேறு பக்கம் திரும்பியது.

"நேத்து எனக்கு உசுரே போயிடுச்சுங்க. அந்தக் கடுதாசி எழுதின கை விளங்காமப் போக!"

சுந்தரம் பதறிப்போனார்.

"ஐயையோ, சாபம் விடாத மரகதம்! அடுத்ததை வேணும்னா நீ எழுது, ரெண்டும் ஒரே கையெழுத்தா இருந்தா ஸ்டேஷன்ல சந்தேகப்படுவாங்க."