நாற்பது நிமிட நிதானம்

"கால ஆட்டாத சார். மரம் ஆடுது."

பத்ரி குனிந்து பார்த்தான். அவனுடைய வலது கால் அவனைக் கேட்காமலேயே ஆடிக்கொண்டிருந்தது. செம்பாக்கம் ஏரிக்கரையில் விழுந்து கிடந்த தென்னைமரத்தின் ஒரு முனையில் அவன். மறுமுனையில் தூண்டிலோடு ஆனந்தன்.

"ஸாரிண்ணா. மீன் ஓடிடுமா?"

பதிலுக்கு பத்ரியின் கைக்கடிகாரம்தான் அதிர்ந்தது. 'அசைவு தெரிகிறது, பத்ரி! மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவோம்' என்று திரையில் எழுத்து ஓடியது.

கம்பெனி கொடுத்த கடிகாரம் அது. ஊழியர்கள் பதற்றத்தோடு வேலை செய்கிறார்கள் என்று ஏதோ ஒரு சர்வே சொன்னதும், நிர்வாகம் பதறிப்போய் 'நிதானம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நாற்பது நிமிடம் தொடர்ந்து அசையாமல் உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஒருநாளாவது அதைத் தொடாதவர்களுக்கு டீம் லீட் பதவி கிடையாது. நிதானமானவர்களை வேகமாகக் கண்டுபிடிக்க இதுதான் வழியாம்.

இன்று வெள்ளிக்கிழமை காலை. பத்ரியின் அதிகபட்ச சாதனை நான்கு நிமிடம். அதுவும் பெருங்களத்தூர் நெரிசலில், பஸ்ஸுக்குள் அசைய இடமில்லாமல் நின்றபோது. தூங்கினால் கடிகாரம் மோப்பம் பிடித்துவிடும். கழற்றி மேஜைமேல் வைத்தும் பார்த்துவிட்டான். 'நாடித்துடிப்பு இல்லை. உடனே மருத்துவரை அணுகவும், பத்ரி' என்றது.

போன் அடித்தது. ஸ்ரீவித்யா மேடம். 'நிதானம்' திட்டத்தின் பொறுப்பாளர். பட்டியலில் தினமும் முதலிடம். ஐம்பது நிமிடத்துக்குக் குறைந்ததே இல்லை.

"என்ன பத்ரி, நாலுலயே நிக்கிறீங்க? சீக்கிரம் நிதானமாகுங்க. எட்டரைக்குள்ள நான் லிஸ்ட் அனுப்பணும்."

"ட்ரை பண்றேன் மேடம். நீங்க மட்டும் எப்படி மேடம்..."

"நானா? இப்பகூட உட்கார்ந்துட்டுதான் இருக்கேன். கல்லு மாதிரி."

அவருக்குப் பின்னால் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. "அம்மா, என் சாக்ஸக் காணோம்!" என்று ஒரு குரல் அலறியது. இத்தனைக்கும் நடுவில் கல்லாக உட்கார்ந்திருக்கும் பெண்மணியை நினைத்து பத்ரிக்குப் புல்லரித்தது. கடிகாரம் அந்தப் புல்லரிப்பையும் அசைவில் சேர்த்துக்கொண்டது.

"ஏரி, பார்க்குன்னு எங்கயாவது போய் உட்காருங்க பத்ரி."

"செம்பாக்கம் ஏரிக்கரைலதான் மேடம் இருக்கேன்."

மறுமுனையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

"அங்கயா? அங்க கொசு ஜாஸ்தி. பேசாம மாடம்பாக்கம் ஏரிக்குப் போங்களேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பத்ரி பக்கத்தில் பார்த்தான். அவன் வந்ததிலிருந்து ஆனந்தன் வைத்த கை வைத்தபடியே இருந்தது. இந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை. மணிக்கட்டில் பட்டன் வேறு. தண்ணீரில் மிதந்த தக்கைகூட அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுபோல அசையாமல் கிடந்தது.

"அண்ணா, புழுங்கலையா உங்களுக்கு?"

"கொசு சார்." உதடு மட்டும்தான் அசைந்தது.

"எப்படிண்ணா இவ்ளோ நேரம் உட்கார்றீங்க? மனசுல என்னதான் நினைச்சுப்பீங்க?"

"மீனு வரக்கூடாதுன்னு நெனச்சிகினு இருப்பேன்."

பத்ரி அயர்ந்துபோனான். தூண்டிலைப் போட்டுவிட்டு மீன் வேண்டாமென்று நினைக்கும் மனிதர்! கம்பெனி பெங்களூரிலிருந்து விமானத்தில் வரவழைத்த பயிற்சியாளர்கூட இந்த அளவுக்கு ஆசையை விட்டவராகத் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டில் இரண்டாவது குலோப் ஜாமூன் கேட்டார்.

மணி ஏழு நாற்பத்தைந்து. பத்ரி தன் மனசாட்சியோடு சுமார் ஆறு விநாடி போராடினான். பிறகு கடிகாரத்தைக் கழற்றினான்.

"அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. இத ஒரு நாப்பது நிமிஷம் உங்க கைல கட்டிக்கிறீங்களா? நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். இப்படியே இருந்தாப் போதும். என் புரொமோஷனே இதுலதான் இருக்கு."

ஆனந்தன் ஆச்சரியப்படவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டு நிமிஷம் பொறு சார்."

பத்ரி பொறுத்தான், ஆடும் காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு.

எங்கேயோ 'விர்ர்' என்று சத்தம் கேட்டது. ஆனந்தன் தூண்டிலைக் கீழே வைத்தார். கழுத்தைச் சொடுக்கினார். நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். பிறகு இடது கைப் பட்டனை அவிழ்த்து, சட்டையை மேலே சுருட்ட ஆரம்பித்தார்.

"கட்டலாம் சார். எடம் கீதான்னு பாக்கணும்."

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நான்கு கடிகாரங்கள். நான்கும் கம்பெனி கொடுத்தவை. முதல் கடிகாரத்தின் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது: 'வாழ்த்துகள், ஸ்ரீவித்யா! ஐம்பத்திரண்டு நிமிடம். இன்றும் நீங்களே முதல்!'

பத்ரியின் கால், பிடிக்காமலேயே நின்றுவிட்டது.

"அப்ப... மீனு?"

"முள்ளுல புழுவே மாட்டல சார்" என்றார் ஆனந்தன். "மீனு இழுத்தா கை ஆடும். மேடத்துக்கு மறுபடியும் ஜீரோலேர்ந்து ஆரம்பிக்கும்ல?"