இரண்டாவது குளியல்

நிலத்தடி பெட்ரோல் தொட்டியிலிருந்து அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவி, ஈரம் ஏறியிருந்த கோட்டைப் பார்த்தான். நேற்று பங்க்கைப் பூட்டும்போது இருந்ததைவிட இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு வண்டிக்கும் பெட்ரோல் போடவில்லை.

துடைத்துவிட்டு மறுபடி இறக்கினான். அதே கோடு.

வெயிலுக்கு ஆவியாகியிருக்கும் என்றார் முதலாளி, இந்த முறையும். வெளியே விடாத மழை.

தொட்டி ஒழுகுகிறது என்று மேலே சொன்னால் தரையையே தோண்டிப் போட்டுவிடுவார்கள், அப்புறம் நீயும் நானும் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான் என்றார். அவன் குடியிருக்கும் வீடும், அதற்கு வரும் போர்வெல் தண்ணீரும் பங்க்கைச் சேர்ந்தவை என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

கசிவு தெரிந்தால் அழைக்க வேண்டிய எண் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தது. தினமும் அதைத் தூசி தட்டுபவன் அவன்தான். எண் மனப்பாடம்.

சாயங்காலம், மதிலை ஒட்டிய வீட்டுக்குப் போனதும் நேராகக் குளியலறை. பெட்ரோல் வாடையோடு உள்ளே வரக்கூடாது என்பது மனைவியின் சட்டம்.

கல்யாணமான புதிதில் ஒரு குளியல் போதுமாக இருந்தது. இப்போது கொஞ்ச நாளாக இரண்டு. சோப்பை மாற்றியாயிற்று. வேலைச் சட்டையை வெளியே கொடியிலேயே விட்டாயிற்று. இன்னும் நாறுகிறது என்கிறாள். பேசாமல் பெட்ரோலையே கட்டிக்கொண்டிருக்கலாமே என்று கேலியாகத் தொடங்கியது, தலைவலி என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதில் வந்து நிற்கிறது.

அவனுக்கு ஒன்றும் தெரிவதில்லை. பங்க்கில் நிற்பவர்களின் மூக்கில் அந்த வாடை முதல் வருடத்திலேயே செத்துவிடும்.

இரண்டாம் முறையும் குளித்துவிட்டு, தலையைத் துவட்டியபடி கதவைத் திறந்தான். எதிரே மனைவி, தோளில் துண்டில் சுற்றிய குழந்தை.

“வந்ததும் வராததுமா பிள்ளையத் தூக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? இப்பத்தான் குளிப்பாட்டி வச்சேன், தலையெல்லாம் பெட்ரோல் நாத்தம்.”

அவன் இன்னும் குழந்தையைத் தொடவே இல்லை.

அவன் முதுகுக்குப் பின்னால் குழாய் வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

ஈரக் கையோடு போனை எடுத்து, மனப்பாடமான அந்த எண்ணை அழுத்தினான். கசிவை எங்கே பார்த்தீர்கள் என்று அலுத்துப்போன குரல் ஒன்று கேட்டது. பங்க்கில் என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான்.

“எங்க வீட்டுத் தண்ணிக் குழாய்ல.”