நெய்னாரின் பையில் சீலாக் கருவாடு

கற்பிட்டிக் களப்பின் காற்று யன்னல் சீலையை ஊதிவிட்டுப் போகிறது. நெய்னார் பாயில் குந்தியிருந்து பை அடுக்குகிறார். நாளைக்கு முதன்முதலாக விமானம் ஏறி, பீஜித் தீவில் படிப்பிக்கும் மகள் அஸ்காவிடம் போகிறார். பிள்ளைத்தாய்ச்சியான அவளுக்கு இது ஏழாம் மாதம். கப்பல் குசினியில் சமைத்தபடி அந்தத் தீவை ஒன்பது தடவை சுற்றியவன் என்பதால், கதிரையில் இருந்து நான் புத்திமதி சொல்கிறேன். "ஊர்த் தலைவரக் கண்டு சலாம் சொல்லாம ஒரு குரும்பையும் தொடப்படாது. நான் தென்னையில ஏறித் தொட்டு, மூணு நாள் மரம் என்ன இறங்க விடல்ல. படம் பிடிக்க முந்திக் கேக்கோணும். முழங்கால் மூடின சாரம்தான் மரியாத." நெய்னார் புதுச் சாரம் இரண்டை மடித்து வைக்கிறார். அவர் மனைவி றைஸா சீலாக் கருவாட்டைக் கடதாசியில் சுற்றி, சாரங்களுக்கு நடுவில் ஒளிக்கிறா. அது மகள் ஆசையாகக் கேட்டது. "அத வெக்காதீங்க. அங்க இறங்கின உடனே பறிச்சி, தண்டமும் போடுவாங்க," என்கிறேன். "ஓம் நானா, மரம் இறங்க விடாத மாதிரி!" றைஸா என்னைப் பார்த்துச் சிரிக்கிறா. நெய்னாரும் சிரிக்கிறார். மரம் பொய், இது மெய். பிள்ளையைப் பார்க்கப் போகிற மனிசன் முதல் நாளே அந்நிய ஊரில் தலைகுனிந்து நிற்கப் போகிறார். பை பாதி மூடியாயிற்று. "சரி, கொண்டு போங்க. போன தடவ நான் பிளேன்ல வரக்குள்ள, கருவாட்டு மணத்துக்கு ஒரு சுறா இறக்கையோரமாப் பறந்து வந்திச்சி. கண்ணாடிக்கு வெளிய அதுட பல்லு," என்கிறேன். நெய்னார் சிரிக்கவில்லை. யன்னல் வழியே வானத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். பிறகு பையைத் திறந்து, கருவாட்டுப் பொதியை எடுத்து என் மடியில் வைக்கிறார்.