சம்பந்தியின் மந்திரிமார்

"சம்பந்தம் பேச வந்த ஆக்களைச் சுடலைக்கோ கூட்டிக்கொண்டு வாறது? அதுவும் வெள்ளிக்கிழமையிலை!"

காரை விட்டு இறங்கவே மாட்டேன் என்று பரிமளம் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். உடம்பில் பட்டுச் சேலை, மடியில் பலகாரத் தட்டு, கண்ணுக்கு முன்னால் வரிசை வரிசையாகக் கல்லறைகள்.

"மெதுவாக் கதையும். சம்பந்திக்குக் கேக்கப்போகுது," என்றார் கணவர் பாக்கியராசா.

"கேட்டால்? தமிழ் விளங்கவோ போகுது?"

கட்டினால் கேமரனைத்தான் என்று மகள் நிசாந்தினி இரண்டு வருடமாக ஒரே பிடி. குடும்பத்தைப் பார்த்துத்தான் ஓமோ இல்லையோ சொல்வேன் என்று பாக்கியராசாவும் ஒரே பிடி. இன்றைக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

குடும்பம் பார்ப்பதில் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. பெடியனின் படிப்பு, உத்தியோகம் எல்லாம் அவருக்குப் பிறகுதான், முதலில் பரம்பரை. தங்கச்சி மகன் லவனுக்கு எல்லாம் பொருந்தி வந்த பெண்ணை, அவளுடைய பாட்டனார் ஊரில் என்ன தொழில் செய்தார் என்று நாலு நாட்டுக்குப் போன் அடித்து விசாரித்து, மண்டபம் பிடித்த பிறகு குழப்பியவர். தங்கச்சி புருசன் இராஜரட்ணம் ஆறு மாதம் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இன்று காலை டொரொண்டோவில் இருந்து இரண்டு மணி நேரம் ஓடி, சோளத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த கேமரனின் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், அவன் தகப்பன் கோர்டனிடம் அவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

"உங்கடை குடும்பம் எப்பிடியான குடும்பம்? கேட்டுச் சொல்லு, பிள்ளை."

நிசாந்தினி கேட்டாள். கோர்டனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அது தெரிய வேண்டுமென்றால் முதலில் ஓரிடம் பார்க்க வேண்டும் என்றார். கேமரனை அடுப்பில் கிடந்த கோழிக்குக் காவல் வைத்துவிட்டு, தன் டிரக்கில் முன்னால் போய் நேரே இங்கே கொண்டுவந்து விட்டார்.

முதல் கல்லறையடியில் கோர்டன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஏதோ சொன்னார். பாக்கியராசாவிடம் இருந்தது முப்பது வருட பேக்கரி இங்கிலிஷ். இந்த நாட்டுப்புற இங்கிலிஷ் அதில் பிடிபடவில்லை.

"இவர் மூண்டு தரம் எம்பியா இருந்தவராம், அப்பா," என்றாள் நிசாந்தினி.

"எம்பியோ!"

"அங்காலை மாகாண மந்திரி. பக்கத்திலை மேயர். மரத்துக்குக் கீழை செனட்டர். இந்தக் கவுண்டி வட்டாரத்திலை இதைப்போலை இன்னும் நாலு சேமக்காலை இருக்குதாம். எல்லாத்திலையுமாச் சேர்த்து இருவத்தாறு அரசியல்வாதியளாம்."

பாக்கியராசாவின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. அடேயப்பா, இருபத்தாறு!

பரிமளம் கார்க் கண்ணாடியை இறக்கினார். "இஞ்சாருங்கோ, ஒரு கல்லிலையும் சம்பந்தியின்ரை பேரைக் காணேல்லையே?"

"தாய்வழியா இருக்கும். உமக்கென்ன தெரியும், சும்மா இரும்."

கோர்டன் முழந்தாளிட்டு மந்திரியைச் சுற்றி முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினார். கல்லில் காய்ந்திருந்த குருவி எச்சத்தைத் தன் கைலேஞ்சியாலேயே துடைத்தார்.

"பாரும், சொந்தக் கையாலை! இந்த மரியாதை எங்கடை ஆக்களிட்டை இருக்கோ?"

"மந்திரி செத்தது தை மாசமாம்," என்று நிசாந்தினி தொடர்ந்தாள். "பனி கரையுமட்டும் மண்ணுக்கை விடாமல் மூண்டு மாசம் வைச்சிருந்தவையாம்."

"பார்த்தீரே பாசத்தை! பிரிய மனமில்லாமல் மூண்டு மாசம்!" பாக்கியராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பா, அது வந்து…"

"குறுக்கை கதையாதை, பிள்ளை. எனக்கு ஓம். முழு ஓம்! உவரிட்டை இப்பவே சொல்லு!"

நிசாந்தினி துள்ளிக் குதித்துத் தகப்பனைக் கட்டிக்கொண்டாள். விசயம் விளங்கியதும் கோர்டன் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். மகளின் முகத்தைப் பார்த்த பரிமளமும் சுடலையை மறந்து, தட்டோடு இறங்கி வந்து, செனட்டரின் தலைமாட்டில் வைத்தே சம்பந்தியின் வாயில் ஒரு பயற்றம் பணியாரத்தைத் திணித்தார்.

பாக்கியராசா மந்திரியின் கல்லோடு ஒரு படம் எடுத்து, "மந்திரி பரம்பரையில் சம்பந்தம் செய்கிறோம்" என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். வாழ்த்துகள் கொட்டத் தொடங்கின. இலண்டன், பாரிஸ், ஒஸ்லோ என்று ஒரு இடம் மிச்சமில்லை. டொரொண்டோ மோர்னிங்சைட்டில் இருந்து இராஜரட்ணமே அழைத்துவிட்டார். பாக்கியராசா உடனே ஸ்பீக்கரில் போட்டார்.

"மெய்யோ, மச்சான்? எத்தினை மந்திரி?"

"மந்திரி ஒண்டு, செனட்டர் ஒண்டு, எம்பி ஆறு, மேயர்மாரை எண்ணேலாது! லைனிலை நில்லும், சம்பந்தியும் பக்கத்திலைதான் நிக்கிறார். பிள்ளை, இவ்வளவு பேர் இருந்த குடும்பத்திலை இவர் மட்டும் ஏன் எலக்சன் கேக்கேல்லை எண்டு கேள். இராஜரட்ணத்துக்கும் கேக்கட்டும்!"

நிசாந்தினி கேட்டாள். பணியாரம் புரைக்கேறும் அளவுக்குக் கோர்டன் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெருமையோடு நீளமாக ஒரு பதில் சொன்னார்.

அதை நிசாந்தினி, போனுக்குக் கிட்ட வந்து, ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னாள்.

"வெண்டவரும் தோத்தவரும் கடைசியிலை தன்னட்டைத்தானே வருகினம், பிறகேன் எலக்சன் எண்டு கேக்கிறார். இஞ்சை கிடக்கிற ஒருத்தரும் இவைக்குச் சொந்தமில்லையாம், அப்பா. பூட்டன் காலத்திலை இருந்து இந்தக் கவுண்டியிலை ஆர் செத்தாலும் கிடங்கு வெட்டிப் புதைக்கிறது இவையின்ரை குடும்பம்தானாம். வாற மாசத்திலை இருந்து கேமரன்தானாம்."